கோபத்துக்கு ஆள் தெரியும்

கடைசியாக நீங்கள் ஆபீஸில் யாரிடம் கத்தினீர்கள்?

யோசித்துப் பாருங்கள். அவசரமில்லை. ‘நான் யார்கிட்டயும் கத்தறதே இல்லை சார்’ என்பவராக இருந்தால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். கடைசியாக யாரிடம் சிடுசிடுத்தீர்கள்? யார் நீட்டிய ஃபைலை முகத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கினீர்கள்? யார் பேசிக்கொண்டிருக்கும்போது, ‘சரி சரி, விஷயத்துக்கு வாங்க’ என்று குறுக்கே வெட்டினீர்கள்?

ஒரு பெயர் ஞாபகத்துக்கு வந்திருக்கும். இப்போது அடுத்த கேள்வி. அந்த ஆள் உங்களுக்கு மேலே இருப்பவரா, கீழே இருப்பவரா?

என் யூகம், கீழே. ‘மேலே’ என்று பதில் சொன்னவர்களுக்கு ஒரு வணக்கம். அவர்கள் இந்தப் பக்கத்தைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். பேசுவோம்.

கத்தியதற்கு நாம் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான். ‘அன்னிக்கு செம டென்ஷன். என்னால கன்ட்ரோல் பண்ண முடியலை.’ கேட்பவரும் தலையாட்டுவார். டென்ஷன் என்று சொல்லிவிட்டால் போதும். மழை மாதிரி, மின்வெட்டு மாதிரி அதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஆனால், அந்த நாளைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பாருங்கள். மாதக் கடைசி. ஏதோ ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள்தான் அதற்குத் தலைவர். பதவி உயர்வு வந்து ஆறு மாதம் ஆகிறது. காலை 11 மணிக்கு ஹெட் ஆபீஸிலிருந்து போன். டார்கெட்டில் பாதிகூடத் தேறவில்லை என்று பெரியவர் காய்ச்சி எடுக்கிறார். அவர் பேச்சில் பாதி நியாயமே இல்லை. குடோனுக்குச் சரக்கே வராதபோது எதை விற்பது? கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. ‘யெஸ் சார்... புரியுது சார்... இந்த வாரத்துக்குள்ள முடிச்சுடறேன் சார்.’ போனை வைக்கிறீர்கள்.

11.20-க்கு, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறான். அதில் ஒரு கூட்டல் தப்பு. அவ்வளவுதான். ஹாலில் இருக்கும் அத்தனை தலைகளும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

கன்ட்ரோல் பண்ண முடியவில்லை என்றால், 11 மணிக்கு மட்டும் எப்படி முடிந்தது? அப்போது கேட்ட பேச்சு இதைவிட மோசம். அவமானம் இதைவிடப் பெரிது. அத்தனையையும் விழுங்கிக்கொண்டு ‘சார்... சார்...’ என்று இதமாகப் பேசத் தெரிந்த அதே மனிதருக்கு, இருபது நிமிடத்தில் கட்டுப்பாடு எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. அந்தக் கோபம் ஆள் பார்த்து, இடம் பார்த்து, திருப்பி அடிக்க மாட்டான் என்று உறுதி செய்துகொண்டுதான் வெளியே வந்திருக்கிறது. கம்பெனியில் யாருக்கு மேலே யார், யாருக்குக் கீழே யார் என்ற பட்டியல் நம் கோபத்துக்கு மனப்பாடம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

இதைத் திருவள்ளுவர் நம் ஆபீஸில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார். ‘வெகுளாமை’ என்று 31-வது அதிகாரம். அது இருப்பது துறவறவியலில். அதன் முதல் குறளின் சாரம் என்ன தெரியுமா? தன் கோபம் எங்கே பலிக்குமோ, அங்கே அதை அடக்குபவன்தான் உண்மையில் கோபத்தை அடக்கியவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால்தான் என்ன!

அப்படியானால், ஹெட் ஆபீஸ் போனில் நீங்கள் காட்டிய பொறுமைக்கு வள்ளுவர் கணக்கில் மார்க் இல்லை. அது பிழைப்பு. 11.20-க்கு அந்தப் பையனிடம் காட்டியிருந்தால்தான் மார்க்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. பதவி உயர உயர, நம் கோபம் பலிக்கிற இடம் பெரிதாகிக்கொண்டே போகிறது. கிளார்க்காக இருந்தபோது உங்கள் எரிச்சல் பக்கத்து நாற்காலி வரை போகும். அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்வார். கணக்கு தீர்ந்துவிடும். டீம் லீடர் ஆனால் பத்துப் பேர். மேனேஜர் ஆனால் ஒரு மாடி முழுக்க. நேற்று வரை நீங்கள் உச்சுக்கொட்டினால் ‘என்னப்பா, வீட்ல சண்டையா?’ என்று கேட்டவர்கள், இன்று அதே உச்சுக்கொட்டலைக் கேட்டு, ‘நம்ம அப்ரைசல் போச்சா?’ என்று பயப்படுகிறார்கள். உங்கள் சுபாவம் அதேதான். அதன் எடை கூடிவிட்டது. பதவி உயர்வுக் கடிதத்தில் சம்பளம், படி எல்லாம் எழுதியிருப்பார்கள். இதை யாரும் எழுதுவதில்லை.

எடை கூடிய அதே நேரத்தில் இன்னொன்று குறைந்துவிடுகிறது. கண்ணாடி. நம் முகம் எப்படி இருக்கிறது என்று சொல்பவர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். சமீபகாலமாக உங்கள் ஜோக்குகளுக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களா? உங்கள் ஐடியாக்கள் மீட்டிங்கில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறுகின்றனவா? சந்தோஷப்படாதீர்கள். சந்தேகப்படுங்கள்.

லண்டனில், 1940-ம் வருடம் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். வின்ஸ்டன் சர்ச்சில் மே 10-ம் தேதி பிரிட்டனின் பிரதமர் ஆகிறார். நமக்கு அது இனிப்பான பெயர் கிடையாது. 1943-ன் வங்காளப் பஞ்சத்தை நினைக்கும் யாருக்கும் அப்படி இருக்கவும் முடியாது. ஆனால், இப்போது பேசுவது அவருடைய அரசியலைப் பற்றி இல்லை. அவர் தலையில் இருந்த பாரத்தைப் பற்றி. பதவியேற்ற ஆறாவது வாரத்தில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அடுத்த குறி பிரிட்டன்தான் என்பது ஊருக்கே தெரியும். ‘ஸ்ட்ரெஸ்’ என்று சாக்குச் சொல்ல உலகத்தில் யாருக்காவது உரிமை இருந்தது என்றால், அந்த ஜூன் மாதத்தில் அந்த 65 வயது மனிதருக்கு இருந்தது.

ஜூன் 27-ம் தேதி அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் அதே வீட்டில் இருக்கும் மனைவி, கிளமென்டைன். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கடிதம்! உங்களைச் சுற்றியிருக்கும் ஒருவர், உங்கள் நண்பர், என்னிடம் வந்து சொன்னார் என்று ஆரம்பிக்கிறார். கீழே வேலை பார்ப்பவர்களிடம் நீங்கள் கரடுமுரடாக, கிண்டலாக, அடக்கி ஆள்கிற தோரணையில் நடந்துகொள்கிறீர்களாம். எல்லோரும் உங்களை வெறுக்கும் நிலை வந்துவிடும்போல் இருக்கிறதாம். யாராவது ஒரு யோசனை சொன்னால் நீங்கள் இளக்காரம் செய்வதால், போகப் போக நல்லதோ கெட்டதோ எந்த யோசனையும் உங்கள் காதுக்கு வராதாம். நானும் கவனித்தேன், முன்பிருந்த அன்பு இப்போது உங்களிடம் இல்லை என்கிறார்.

அந்த நண்பரே கிளமென்டைனிடம் ஒரு சமாதானமும் சொல்லிப் பார்த்தார். எல்லாம் வேலைப் பளுவாக இருக்கலாம் என்று. நாம் சொல்லும் அதே ‘டென்ஷன்’! கிளமென்டைன் அதோடு விடவில்லை. ராஜா, கான்டர்பரி பேராயர், சபாநாயகர் இந்த மூன்று பேரைத் தவிர வேறு யாரை வேண்டுமானாலும் பதவியிலிருந்து தூக்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. இவ்வளவு பெரிய அதிகாரத்தோடு மரியாதையும் கனிவும் நிதானமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறார். வள்ளுவர் சொன்ன அதே இடம்தான். கோபம் பலிக்கிற இடம்.

இந்தக் கடிதத்தை அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே எழுதி, கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடியும் எழுதினார் கிளமென்டைன். கட்டிய மனைவிக்கே இரண்டு தடவை யோசிக்க வேண்டியிருந்தது என்றால், ஆபீஸில் டைப் அடிப்பவர் எப்படி வாயைத் திறப்பார்? அந்த நண்பரையும் பாருங்கள். விஷயம் தெரிந்தவர், நெருக்கமானவர். அவரே சர்ச்சிலிடம் நேராகப் போகாமல் மனைவியிடம்தான் போனார்.

தன்னை அறிவது என்றால் கண்ணை மூடி உட்கார்ந்து உள்ளே பார்ப்பது என்று நினைக்கிறோம். அது ஒரு பாதி. உங்களைப் பற்றிய மறுபாதித் தகவல் உங்களிடம் இல்லை. உங்கள் மூடு யார் மேல் போய் விழுகிறதோ, அவர்களிடம் இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், அதைச் சொல்லும் தைரியம் குறைவாக இருப்பதும் அவர்களுக்குத்தான். ஆகவே, ‘யாரும் எதுவும் சொல்லலையே’ என்பதை ஒரு தலைவர் தனக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சர்ச்சில் குடியிருந்த டவுனிங் தெரு, வைட்ஹால் என்ற பெரிய சாலையிலிருந்து பிரிகிறது. பிரிட்டனின் அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் சாலை. அந்தச் சாலையின் பெயரில் ஓர் ஆராய்ச்சி 1967-ல் தொடங்கியது. லண்டனில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களின் உடல்நிலையை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஆராய்ச்சி.

அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியது என்ன? பெரிய பதவி, பெரிய பொறுப்பு, அதனால் பெரிய டென்ஷன், அதனால் மாரடைப்பு பெரிய அதிகாரிகளுக்குத்தான் அதிகம் வரும். நாமும் இன்று வரை இதைத்தான் நம்புகிறோம். முடிவு தலைகீழாக வந்தது. கடைசிப் படியில் இருந்த ஊழியர்களிடையே இதயநோய் மரணங்கள், உச்சியில் இருந்தவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு. இடையில் இருந்தவர்களும் படிப்படியாக, ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆபத்து கூடியது. இத்தனைக்கும் எல்லோரும் நிரந்தர வேலை உள்ளவர்கள். சிகரெட், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது.

ஏன்? 1985-ல் ஆண்கள், பெண்கள் இருவரையும் சேர்த்து, சுமார் 10,000 பேரை வைத்து இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கினார்கள். அதில் கிடைத்த முக்கியமான பதில்களில் ஒன்று: தன் வேலைமேல் தனக்கு இருக்கும் கட்டுப்பாடு. எதை எப்போது எப்படிச் செய்வது என்பதில் ஒருவருக்கு எவ்வளவு குறைவாகச் சொல் உரிமை இருக்கிறதோ, அவ்வளவு அதிகம் இதயத்துக்கு ஆபத்து. அதே ஆராய்ச்சியின் இன்னொரு பகுதி 2005-ல் வெளியானது. மேலதிகாரி தன்னை நியாயமாக நடத்துகிறார், காரணமில்லாமல் குறை சொல்வதில்லை, காது கொடுத்துக் கேட்கிறார் என்று சொன்ன ஆண் ஊழியர்களுக்கு, மற்றவர்களைவிட இதயநோய் வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

‘பாஸ் கத்தினால் ஹார்ட் அட்டாக்’ என்று இதை வைத்து நேர்க்கோடு போட்டுவிட முடியாது. இதய நோய்க்கு நூறு காரணங்கள். ஆனால், ஒன்று தெளிவு. உங்களுக்கு வரும் அழுத்தமும் அந்தப் பையனுக்கு வரும் அழுத்தமும் ஒரே சரக்கு இல்லை. உங்களுக்குக் கதவு இருக்கிறது. மீட்டிங்கைத் தள்ளிப் போடலாம், வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், கேபினைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்காரலாம். அவன் எழுந்து டீ குடிக்கப் போவதற்கே உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நான் படித்தது பி.காம். முதல் வருடம் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த விஷயம் இரட்டைப் பதிவு முறை. ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுதியாக வேண்டும். எந்தத் தொகையும் காற்றில் கரையாது. கத்தி முடித்ததும் நமக்கு மனசு லேசாகிறது இல்லையா? ‘அப்பாடா!’ என்று இருக்கிறது இல்லையா? அந்தப் பாரம் எங்கே போயிற்று? யாருடைய பேரேட்டில் ஏறியிருக்கிறது? அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நடந்ததையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு போகிறானே, அவன் பேரேட்டில்.

அதனால்தான் ஸ்ட்ரெஸ் என்பதை வெறும் உடம்பு சம்பந்தப்பட்ட சமாசாரமாக மட்டும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வாக்கிங் போங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்பார்கள். எல்லாம் நல்லது. செய்யுங்கள். ஆனால், பத்துப் பேருக்குத் தலைவராகிவிட்ட பிறகு, உங்கள் ஸ்ட்ரெஸ்ஸை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது நியாயம், அநியாயம் சம்பந்தப்பட்ட கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. உங்கள் கடனை வசதி குறைந்தவர் தலையில் கட்டலாமா என்ற கேள்வி.

‘அப்ப கண்டிக்கவே கூடாதா? கொஞ்சம் அதட்டலைன்னா எவன் சார் வேலை செய்வான்?’ நியாயமான சந்தேகம். கூட்டல் தப்பு தப்புதான். அதைச் சொல்லத்தான் வேண்டும். சில சமயம் கறாராகவே சொல்ல வேண்டும். கண்டிப்பா, கொட்டலா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. அன்று காலை அந்த போனில் உங்களைத் திட்டாமல் பாராட்டியிருந்தால், இதே தப்புக்கு இதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பீர்களா? ‘ஆமாம்’ என்றால் அது கண்டிப்பு. ‘இல்லை, பார்த்து போடுப்பான்னு சொல்லியிருப்பேன்’ என்றால், மிச்சம் இருந்த அத்தனை வார்த்தையும் ஹெட் ஆபீஸுக்குச் சேர வேண்டியது.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். நாம் கத்தினால் டென்ஷன். அவன் முகம் சுளித்தால் ‘ஆட்டிட்யூட் சரியில்லை’. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

‘நானும் மனுஷன்தானே சார்? என் பாரத்தை நான் எங்கே போய் இறக்குவேன்?’

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நல்லதனம் மட்டும் போதித்தால் அது ஏமாற்று. நடுவில் இருக்கிற ஆள் மத்தளம். இரண்டு பக்கமும் அடி. அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டு சிரித்த முகத்தோடு இருக்கச் சொன்னால் ஒருநாள் அவர் படுத்துவிடுவார். வெளியே காட்டாமல் உர்ரென்று உட்கார்ந்திருந்தாலும் புண்ணியமில்லை. கத்தாத கோபம் ஹால் முழுக்கப் பரவும். வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடமோ கணவரிடமோ பிள்ளையிடமோ கொட்டினால், பாரம் இன்னொரு பேரேட்டுக்கு மாறியதே தவிர, கணக்கு முடியவில்லை. அங்கேயும் நாம் தேடிப் பிடிப்பது பிள்ளையார் கோயில் ஆண்டியைத்தான்.

முதல் காரியம், சரக்குக்குச் சரியான பெயர் வைப்பது. ‘டென்ஷன்’ என்பது ஒரு கோணிப்பை. பயம், அவமானம், பொறாமை, களைப்பு, சாப்பிடாத பசி எல்லாவற்றையும் அதில்தான் போட்டுக் கட்டுகிறோம். அவிழ்த்துப் பாருங்கள். 11.20-க்கு உங்களுக்கு இருந்தது உண்மையில் கோபமா? ‘இந்தப் பதவியை எனக்குச் சரியா பார்க்கத் தெரியலையோ’ என்ற பயமாக இருக்கலாம். புதிதாகத் தலைவர் ஆனவர்களின் கோபத்தில் நிறைய, வேஷம் போட்ட பயம்தான். அமெரிக்காவில் மேத்யூ லீபர்மன் என்ற ஆய்வாளர் குழு 2007-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. உணர்ச்சி பொங்கும் முகங்களின் படத்தைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று ஒரு சொல்லால் பெயர் சூட்டச் சொன்னார்கள். பெயர் சூட்டியபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு தணிந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. ‘எனக்கு இப்ப பயமா இருக்கு’ என்று மனதுக்குள் ஒரு வரி. பயத்தைத் தீர்க்கக் கூட்டல் தப்பு செய்தவன் தேவையில்லை என்பது அப்போதே புரிந்துவிடும்.

இரண்டாவது, ஒரு வாரத்துக்கு ஒரு சின்ன கணக்கு நோட்டு. நான்கே நான்கு கட்டம். யாரிடம் சிடுசிடுத்தேன், எத்தனை மணிக்கு, அதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எனக்கு என்ன நடந்தது, இதே வார்த்தையை எம்.டி.யிடம் சொல்லியிருப்பேனா. ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில், எல்லோரும் பார்க்கப் போட்ட மெசேஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கத்தல்தான், சத்தம் மட்டும் இல்லை. ஏழு நாள் எழுதினால் போதும். எந்த நேரத்தில், எதற்குப் பிறகு, யார் மேல் என்று ஒரு வரிசை தெரிய ஆரம்பிக்கும். ‘யார் மேல்’ என்ற கட்டத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஆள் வேலையில் மோசமா, அல்லது எதிர்த்துப் பேசாதவரா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இருப்பதைத் தகவலாகச் சொல்லிவிடுவது. ‘காலைலேர்ந்து எனக்கு மூடு சரியில்லைப்பா. உன் மேல ஒண்ணும் இல்லை. மூணு மணிக்கு உட்கார்ந்து பார்க்கலாமா?’ இதனால் மரியாதை போய்விடும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். போகாது. உங்கள் மூடு சரியில்லை என்பது ஹாலுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்களுக்குத் தெரியாதது, அதற்குக் காரணம் தாங்கள் இல்லை என்பதுதான்.

நான்காவதுதான் கஷ்டம். 11 மணிக்குச் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ‘குடோனுக்குச் சரக்கு வரலை சார்.’ அந்த வாக்கியம்தான் வேறு வேஷத்தில், 11.20-க்குத் தப்பான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைச் சரியான விலாசத்துக்கு அனுப்பக் கற்றுக்கொள்வதுதான் தலைவராக வளர்வதில் பெரும்பாலான வேலை. கத்த வேண்டாம். கையில் கணக்கோடு, அடக்கமாக, ‘எத்தனை கேட்டோம், எத்தனை வந்தது, இதுதான் சார் நிலைமை’ என்று சொன்னால் போதும். வீட்டுக்கடன் இ.எம்.ஐ. இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது, மேலே பேசுவது எல்லோருக்கும் எல்லா நாளும் முடியாது. எனக்கும் தெரியும். ஆனால், மேலே பேசும் தைரியம் இன்று எனக்கு இல்லை என்றால், அதற்கான அபராதத்தை நான் கட்ட வேண்டும். கீழே இருப்பவன் ஏன் கட்ட வேண்டும்?

இது நடக்கிற காரியமா என்பவர்களுக்கு, நம் நாட்டிலேயே நடந்த ஒன்று. 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்டத்தின் தலைவர் அப்துல் கலாம். ஏவும் முன்பு கம்ப்யூட்டர் நிறுத்தச் சொல்லியும் கிளப்பலாம் என்று முடிவெடுத்தவர் தான்தான் என்று கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பழி போட ஆள் தயாராக இருந்தார். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் என்ன செய்தார்? பத்திரிகையாளர்கள் முன்னால் தானே போய் உட்கார்ந்து பொறுப்பைத் தான் ஏற்றார். 1980 ஜூலை 18-ல் ராக்கெட் ஜெயித்தபோது, ‘நீங்க போய்ப் பேசுங்க’ என்று கலாமை அனுப்பினார். ஆயிரம் தடவை கேட்ட கதைதான். ஆனால், இந்தக் கட்டுரையின் கணக்கில் அதை ஒருமுறை எழுதிப் பாருங்கள். சாதாரணமாக ஆபீஸில் பழி கீழே இறங்கும், பாராட்டு மேலே ஏறும். அங்கே இரண்டும் திசை மாறின. அன்றைக்கு தவனுக்கு டென்ஷன் இல்லாமலா இருந்திருக்கும்?

எல்லாம் செய்தும் ஒருநாள் வாய் தவறிவிடும். அப்போது, வாங்கின கடனைத் திருப்பிக் கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாம் கத்துவது ஹாலில். ‘ஸாரிப்பா, ஏதோ டென்ஷன்’ என்று சொல்வது மட்டும் கேபினுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. நாற்பது பேர் முன்னால் எடுத்த மரியாதையை யாரும் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தால் அசல்கூடத் தேறாது. எந்த இடத்தில் எடுத்தீர்களோ, அதே இடத்தில் கொடுங்கள். அதில், ‘ஆனா நீயும் தப்பு பண்ணினே இல்ல?’ என்ற வாலைச் சேர்க்காதீர்கள். கூட்டல் தப்பை நாளைக்குப் பேசலாம்.

எல்லா ஆபீஸிலும் ஒரு கேள்வி உண்டு. தலைவரின் கேபினுக்குப் போகும் முன், வெளியே இருக்கும் உதவியாளரிடம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ‘சார் மூடு எப்படி?’ மேடமாக இருந்தால் ‘மேடம் மூடு எப்படி?’ பதிலைப் பொறுத்து லீவு லெட்டர் உள்ளே போகும், அல்லது பாக்கெட்டுக்கே திரும்பிவிடும். சொல்ல வேண்டிய கெட்ட செய்தியும் அப்படித்தான்.

உங்கள் கதவுக்கு வெளியே அந்தக் கேள்வி எத்தனை தடவை கேட்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. வெளியே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். நாளைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவரைக் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை, ‘அதெல்லாம் யாரும் கேட்கறதில்லை சார்’ என்பார். நம்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள். அவர் உண்மையைச் சொன்னால், அது உங்களுக்குக் கசப்பாக இருந்தால், அன்று உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.